கயிறு கட்டிய காவலர்

சாந்தோம் கடற்காற்றில் வளர்ந்த நான் பனிமலையைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த மலையில் நான் பட்ட வெட்கமே இதை எழுதத் தூண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதத்தில், மச்சான் குடும்பத்தாருடன் காஷ்மீர் சென்றிருந்தோம். குல்மார்க்கில் ரோப் கார் இரண்டு கட்டமாக மலையேறுகிறது. 1998-இல் தொடங்கிய முதற்கட்டம் கோங்டூரி வரை செல்லும். 2005-இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 13,000 அடி உயரத்திற்கு ஏறும். முந்திய இரு நாட்களும் கடும்பனி. அன்றோ வானம் நீலமாய்த் தெளிந்திருந்தது. ஆயினும் மேற்கட்டத்தை மூடிவிட்டார்கள். கோங்டூரியில் ஒரு சரிவின் குறுக்கே கயிறும் கட்டியிருந்தார்கள். அதனருகே 'ஸ்கீ பேட்ரோல்' என்னும் பனிச்சறுக்குக் காவலர் ஒருவர் நின்றிருந்தார்.

கயிற்றுக்கு அப்பால் கால்படாத வெண்பனி. அங்கே போகவேண்டுமென்று என் மகன் பிடிவாதம் பிடித்தான். நான் காவலரிடம், எனக்குத் தெரிந்த உருதுவில், "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது? சிறிது தூரம் போய் வருகிறோம். அல்லாஹ் காப்பாற்றுவான்" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. "மௌலானா சாஹிப், எந்த ஊர்?" என்று கேட்டார். மதராஸ் கடற்கரை என்றேன். "கடல் உங்களுக்குத் தெரியும், பனி எனக்குத் தெரியும்" என்று கூறி விளக்கலானார்.

புதுப்பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நேரமாகுமாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒரு மனிதனின் எடையே அதைப் பெயர்த்துவிடப் போதுமாம். மனிதரைப் புதைக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, அதில் சிக்கியவரோ உடன்வந்தவரோ கால் வைத்ததால் நிகழ்ந்தவையே. சரிந்து நின்ற பனி சிமெண்டுபோல் இறுகிவிடும். முதல் 15 நிமிடத்திற்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவேதான் மலைமீது சறுக்குவோர் இருப்பிடம் காட்டும் ரேடியோக் கருவி, பனியைத் துழாவும் நீள்கோல், மண்வாரி மூன்றையும் உடன் கொண்டு செல்கின்றனர். காயமுற்றோரைச் சறுக்குவண்டியில் இறக்குவது காவலரின் பணிதான். எனினும், பிறர் வருமுன் பனியைச் சோதித்து, ஆபத்தான வழியை அடைப்பதே தம் முதற்பணி என்றார் அவர்.

கற்றவர்களையும் பனி விடுவதில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று, குல்மார்க் அருகே பயிற்சியிலிருந்த இராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் மாண்டனர். 2023 பிப்ரவரி முதல் நாள், அஃபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர்.

அவர் பேசப்பேச, சிறுவயதில் என் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்த மீனவப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றிய இடத்தில் நான் இறங்கியிருந்தேன். "தம்பி, அங்கேதான் தண்ணி உள்ளே இழுக்கும்" என்றார். கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுவே. அதில் சிக்கியவர் எதிர்த்து நீந்திக் களைப்படையாமல், கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். தெளிந்த வானமும் அமைதியான நீரும் ஒரே விதமாக ஏமாற்றுகின்றன!

திரும்பும் வழியில் மகன் மெல்லக் கேட்டான்: "அத்தா, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கணும்னு நீங்கதானே மதரஸாவில் சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்னிடம் பதில் இல்லை. கட்டவேண்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்வதற்கல்லவா நான் இறைவன் பெயரை எடுத்தேன்!

சகோதர சகோதரிகளே! பிள்ளைகளுடன் குல்மார்க்கோ, மணாலியோ, ஔலியோ செல்வீர்களாயின் தலைக்கவசம் அணிவியுங்கள். சறுக்கும்போது கீழே செல்பவருக்கு வழிவிடுவது மேலிருந்து வருபவரின் கடமை என்பதைக் கற்றுக் கொடுங்கள். கயிறு கண்ட இடத்தில் நில்லுங்கள். மலைக்குப் போகாதவர்க்கும் இங்கே மெரினா உண்டு. கரையில் நின்று "இறங்காதே" என்று கூவும் காவலர்களும் உண்டு. அவர்களிடம் வாதம் செய்யாதீர்கள். நம்மைத் தடுப்பவர், நம் பிள்ளைகளின் ஜனாஸாவைப் பார்க்க விரும்பாதவர்.