வளையத்தின் இரு கரைகள்

கண்ணாடி இழைக் கேபிள் சாலையின் எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும், எங்கே குறுக்கே கடக்க வேண்டும், எவ்விடத்தில் இணைப்புக் குழி அமைய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் வலையமைப்புப் பொறியாளரின் உத்தியோகத்தில் நடைக்கு எவ்வளவு பிரதானமான ஸ்தானம் உண்டு என்பதை, அத்தொழிலில் பிரவேசித்து ஓராண்டுகூட நிறையாத ஓர் இளம்பெண்ணுடன் திண்டுக்கல்-நத்தம் சாலையோரமாக ரூட் சர்வேக்குச் சென்றபோது கண்டேன். குடிநீர்க் குழாய் எந்த ஓரத்தில் கிடக்கிறது, 1.65 மீட்டர் ஆழம் தோண்ட மண் இடங்கொடுக்குமா, பாறை குறுக்கிடுமா, சாலையை அகலப்படுத்தக் கல் நட்டிருக்கிறார்களா என்று டீக்கடைக்காரரிடமும் வயலில் நின்றவரிடமும் விசாரித்து அவர் குறித்துக்கொண்ட சிரத்தை, என் மதிப்பில், எந்தக் கணிதத்துக்கும் குறைந்ததன்று.

அவர் வரைந்திருந்தது ஒரு வளையம். ஒரு புறம் அறுந்தால் மறு புறமாகச் செய்தி சுற்றிச் செல்லும். ஜேசிபியின் ஒரு வெட்டினால் பல கிராமங்கள் ஒரே கணத்தில் ஊமையாகிவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். ஓடைப் பாலத்தை அடைந்ததும், நெடுங்காலமாக இழை ஒட்டிப் பழகிய ஸ்பிளைசர் நின்றுவிட்டார்.

"மேடம், போற கேபிளும் வர்ற கேபிளும் ரெண்டுமே இந்தப் பாலத்துலதானே வருது? வெள்ளம் வந்தா ரெண்டும் சேந்துதான் போகும்."

வரைபடத்தில் இரு நிறங்களில் தனித்தனியே ஓடிய கோடுகள், பூமியில் ஒரே பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவர்களாக இருந்தன. பொறியாளர் சற்று நேரம் ஓடையைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல வேற பாலம் இருக்காண்ணே?" என்று கேட்டார். இருந்தது, 4 கிலோமீட்டர் சுற்று.

ஒளிக்கு அது ஒரு பாரமன்று. கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பை அடக்கினால், அதாவது புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே, கண்ணாடி இழை செய்தி சுமக்கும் என்று சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்ஹாமும் 1966-இல் கூறினார்கள். இன்றைய இழையில் அந்த இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபல்தான். ஆகவே சுற்றுவழியால் கூடுவது 1 டெசிபலைக்கூட எட்டாது. பாரமெல்லாம் தோண்டும் கூலியிலும் அனுமதி விண்ணப்பங்களிலும் இருக்கிறது. அந்தச் செலவுக்கு அஞ்சிச் சர்வேயையே அவசரமாக முடிக்கும் வழக்கம் பெருந்தீங்கு என்பது என் திடமான அபிப்பிராயம்.

மரநிழலில் ஸ்பிளைசர் பழைய இணைப்பொன்றைப் புதுப்பித்தார். மேலுறை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் செங்குத்தாக வெட்டிய, 125 மைக்ரான் பருமனுள்ள இரண்டு இழைகளை இயந்திரம் எதிரெதிரே நிறுத்தி மின்பொறியால் உருக்கி ஒன்றாக்க, திரை இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது.

"குழியை மட்டும் பள்ளத்துல போட்டுறாதீங்க மேடம். மழையில கட்டானா, ராத்திரி தண்ணிக்குள்ள நின்னுதான் ஒட்டணும். லூப்பும் தாராளமா விடுங்க, வண்டி வரைக்கும் இழுக்கணும்."

பொறியாளர் குழியின் அடையாளத்தை மேட்டுப் பக்கமாக மாற்றினார்; இருபுறமும் சுருட்டி வைக்கும் உபரிக் கேபிளாகிய லூப்பின் நீளத்தைக் கூட்டி எழுதினார்; சுற்றுவழிச் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா, ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியதா என்று விசாரிக்க அடுத்த ஊரை நோக்கி நடந்தார்.