பாறையோரத்துத் தாத்தாப்பூ

மதுரைக்கு வருவோர் நாயக்கர் மகாலையும் மல்லிகைச் சந்தையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நகரைச் சுற்றிலும் அரண்போல் நிற்கும் ஆனைமலை, நாகமலை, அழகர்மலைப் பக்கம் பலரும் செல்வதில்லை. தாவரவியல் பயிலும் என் மகள் கல்லூரிக்குத் தாவரத்தாள்கள் தயாரிக்க வேண்டியிருந்தது. எனவே ஒரு தை மாதக் காலையில் மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டிக்குச் சென்றோம்.

குன்றுகளும் ஊற்றுகளும் கண்மாய்களும் சூழ்ந்த ஊர் அது. அங்குள்ள கழிஞ்சமலைக் குகையில் ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த தமிழி எழுத்துகள் உள்ளன. பாறை முகடுகளில் இராசாளிகள் வாழ்கின்றன. 2022 நவம்பரில், தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இது அறிவிக்கப்பட்டது.

செங்குத்தான பாறையின் வெடிப்பில் சிறு பூவொன்று தனித்து நின்றது. நான் கை நீட்டினேன்.

"வேண்டாம் அத்தா! இது பாதுகாக்கப்பட்ட மலை. தனித்து நிற்கும் செடியைப் பறிப்பதும் முறையன்று" என்றாள் மகள்.

கீழே இறங்கி ஊரைக் கடந்ததும் சாலையோரத்தில் அதே பூ நூற்றுக்கணக்கில் சிரித்தது. சிறுவர்கள் தலையைச் சுண்டிவிட்டு விளையாடும் தாத்தாப்பூ! வெட்டுக்காயப் பூண்டு என்றும் இதற்குப் பெயருண்டு. காயத்தில் இதன் சாற்றைப் பிழிவது நாட்டு வழக்கம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். நம் மண்ணின் செடி என்று நான் எண்ணியிருந்தேன். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்றாள் மகள்.

செடியொன்றை வேரோடு எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே வைத்துப் பலகையால் அழுத்தினாள். நாள்தோறும் தாள் மாற்றி, உலர்ந்தபின் தடித்த அட்டையில் ஒட்டினாள். மூலையில் பெயர், இடம், நாள், பூவின் நிறம் ஆகியவற்றைக் குறித்தாள். "நிறம் மங்கிவிடும் அத்தா, எழுத்துதான் நிற்கும்" என்றாள்.

இக்கலை புதிதன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் தென்னகத்தில் திரட்டிய இக்குடும்பச் செடிகளை ஜெனிவா அறிஞர் டி கந்தோல் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1834இல் அச்சேறியது. வைட்டின் தாள்கள் இன்றும் எடின்பரோவிலும் கியூவிலும் உள்ளன. நம் திருச்சியில் 1967இல் தொடங்கப்பட்ட ராப்பினாட் உலர்தாவரக் கூடமும் இத்தகைய கருவூலமே. எந்தச் செடி எங்கே, எப்போது இருந்தது என்பதற்கு இத்தாள்களே சாட்சி.

ஆனால் சாட்சி வேறு, உயிர் வேறு. 2024 நவம்பரில் இவ்வட்டாரம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. ஊர் மக்கள் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலை போயிருந்தால் எத்தனை தாள்கள் இருந்தென்ன பயன்?

மகளின் தாள் கல்லூரி அலமாரிக்குச் சென்றுவிட்டது. அவள் பறிக்க விடாத அந்தப் பூவோ பாறையிலேயே இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்!