பாசிமணியும் பழைய கடிகாரமும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டாண்டுகளாக ஒரு மூலையில் மேசையிட்டு, மணிமாலைகளும் பதக்கங்களும் வைத்து வருகிறோம். அவற்றைக் கண்ட சகோதரிகள் பலர், "இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் இந்த மும்பையில் எங்கே கிடைக்கின்றன?" என்று வினவினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூற இயலாமையால் இங்கே எழுதுகிறோம். 'எழுதுகிறோம்' என்பது பெருமைப் பன்மை அன்று. எங்கள் இல்லத்தில் இது இருவர் தொழில். ஒருவர் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிப்பவர். ஓய்வு நாளில் கடைவீதி அலைவது அவர் பங்கு. மற்றவர் ஊசியும் குறடும் பிடிப்பவர். வாங்கி வந்ததைக் கண்டு "இது ஆகாது" என்று ஒதுக்குவது அவர் பங்கு.

மணிகளுக்கு நாங்கள் செல்லும் இடம் புலேஷ்வர். அங்குள்ள சந்துகளில் கண்ணாடி மணி, உலோக மணி, கொக்கி, வளையம், நூல் எல்லாம் எடைக்கும் பொட்டலத்துக்கும் கிடைக்கும். பாசிமணிக்கு எண் உண்டு. எண் ஏற ஏற மணி சிறுக்கும்; பதினோராம் எண் மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்கும். ஜப்பானிய மணிகள் அளவு பிசகாமல் வரும். விலையும் அதற்கேற்ப ஏறும். நம் நாட்டு மணிகளில் பருத்ததும் மெலிந்ததும் கலந்திருக்கும். ஆதலால் இரவு உணவுக்குப் பின் தட்டிலே கொட்டி, அரிசியிற் கல் பொறுக்குவது போலப் பொறுக்குகிறோம். இக்கண்ணாடி மணிகளுள் பல, உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரில் விளக்குச் சுடரின்முன் அமர்ந்து கையால் செய்யப்படுபவை. செம்மணிக் கல் வேண்டுவோர் குஜராத்தின் கம்பாத்து நகரத்துச் சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே கல்லைச் சூடேற்றிச் சிவக்கச் செய்து, இரும்பு முனையில் வைத்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டிச் செதுக்குகிறார்கள்.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தார். அவ்வூரில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகள், உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்யப்பட்டவை. கடல் கடந்து கிழக்கே தொலைதூரம் சென்ற மணிவகை அது.

ஒருமுறை நாங்கள் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறோம். பவளம் என்று வாங்கிய மணிகள் சாயம் தோய்த்தவை. அணிந்த அம்மையாரின் வெள்ளை ரவிக்கை கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. மாலையின் விலையோடு ரவிக்கையின் விலையையும் கொடுத்தோம். அன்று முதல், நகச்சாயம் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மணியைத் தேய்த்துப் பார்க்காமல் எதையும் கோப்பதில்லை.

இனிப் பற்சக்கரப் பதக்கங்கள். இவற்றை 'ஸ்டீம்பங்க்' என்கிறார்கள். 1987-இல் ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவகைக் கற்பனைக் கதைகளுக்கு வைத்த பெயர் அது. நீராவி எந்திரமே உலகை ஆண்டுகொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனை பிறகு நகையிலும் புகுந்தது. ரயில்வேக்காரருக்கு இதற்கு வேறு ஆசான் வேண்டுமா? 1888-இல் முடிந்த எங்கள் பெரிய நிலையத்தின் கோபுரத்து உச்சியில், ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் ஆரச் சக்கரமும் ஏந்தி ஒரு மங்கை நிற்கிறாள். எங்கள் முதற் பதக்கம் அவள் கைச் சக்கரத்தைப் பார்த்துச் செய்ததே.

சக்கரங்கள் கிடைப்பது மட்டன் தெருவின் சோர் பஜாரில். வெள்ளிக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஆயினும் அன்று விடியுமுன்னரே தெருவோரச் சந்தை கூடிவிடும். ஓடாத கடிகார உறுப்புகளைக் கைப்பிடிக் கணக்கில் தருவார்கள். இருளில் ஒளிரும் மிகப் பழைய முகப்புகளை மட்டும் வாங்காதீர்கள். சிலவற்றில் ரேடியம் கலந்த சாயம் இருக்கும். சுரண்டினால் தூள் மூச்சில் ஏறிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் மணப்பெண் ஒருத்தி இரட்டைச் சக்கரத் தோடு கேட்டு 300 ரூபாய் முன்பணம் தந்தாள். ஒரு சக்கரம் இருந்தது. அதற்கு இணை எங்கும் அகப்படவில்லை. அதே சக்கரம் எங்கள் பெட்டியிலேயே இருந்தது, தந்தையாரின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்துக்குள். அச்சு முறிந்து ஓடாமல் கிடந்த கடிகாரம். அவர் 2009-இல் பணியில் இருக்கும்போதே காலமானார். அவர் மறைவினால் கிடைத்த வேலையில்தான் எங்களில் ஒருவர் இன்றும் அமர்ந்திருக்கிறார்.

"ஓடாத பொருள்தானே, மாமா இருந்தால் வேண்டாம் என்றா சொல்லுவார்?" என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் பின்மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிய தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் பழுது பார்த்தவர் இட்ட குறிகள் அவை. ஏழு எண்ணினோம். கடைசிக் குறி அவர் மறைவதற்கு இரண்டு மாதம் முந்தியது. சம்பளம் போதாத வீட்டில், ஏழு முறை காசு கொடுத்து அதை ஓடவைத்திருக்கிறார். மூடியைத் திரும்பப் பொருத்தினோம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் முகம் சுளித்தாள். அவள் மீது குற்றமில்லை.

பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், முகப்பு உடைந்த ஜனதா ஒன்று சந்தையில் அகப்பட்டது. 17 கல் எந்திரம், அச்சு முறியாதது. அக்கற்களும் செயற்கை மாணிக்கமே என்பதால், நகைக்கு எடுக்கலாமே என்று கை துடித்தது. அதைக் கடிகாரக்காரரிடம் கொண்டு சென்றோம். அவர் அச்சை மாற்றி, பழைய குறிகளுக்குக் கீழே தம் ஊசியால் எட்டாவது குறியை இட்டுக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் எங்களில் ஒருவர் அலுவலகம் செல்கிறார். காலையில் ரயிலேறுமுன் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். மிஞ்சிய சக்கரங்கள் வரும் பொங்கலுக்கு மேசைமீது இருக்கும்.