மாடு மேய்ந்த மஸ்லின்

தறியில் சேலை ஓடுகிறது என்றார்கள். எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு கைகளும் மும்முரமாக இருந்தன. அந்தக் கைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தபோதுதான் தெரிந்தது.

டாக்காவை ஒட்டி ஓடும் சீதலக்ஷா ஆற்றின் கரையில் இருக்கிறது ரூப்கஞ்ச். ஒரு காலத்தில் மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணி நெய்த மண். அதன் பூவேலை வகையான ஜாம்தானி இன்றும் இங்கே குழித்தறியில்தான் நெய்யப்படுகிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இல்லாத துணியை வைத்து உலகம் சிரிக்கத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 1335இல் ஸ்பெயினின் டான் ஹுவான் மானுவேல் எழுதிய கதையில் மூன்று எத்தர்கள் ஓர் அரசனை ஏமாற்றினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 1837இல் டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய ‘சக்கரவர்த்தியின் புதிய ஆடை’. அதில் இரண்டு எத்தர்கள் வெறுந்தறி முன் உட்கார்ந்து இராப்பகலாக நெய்வதாக நடிப்பார்கள். வங்காளத்தில் இந்த வேடிக்கை தலைகீழ். துணி இருந்தது, கண்தான் நம்பவில்லை.

மஸ்லினுக்கு வைத்த பெயர்களே பாதி நையாண்டி: பாஃப்த் ஹவா என்றால் நெய்த காற்று, ஆப்-இ-ரவான் என்றால் ஓடும் தண்ணீர், ஷப்னம் என்றால் பனி. கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி வில்லியம் போல்ட்ஸ் 1772இல் எழுதிய நூலில் இரண்டு கதைகள் வருகின்றன. மகள் அம்மணமாக நிற்கிறாள் என்று ஔரங்கசீப் கடிந்துகொண்டாராம். ஏழு அடுக்கு உடுத்தியிருக்கிறேனே என்றாளாம் அவள். இன்னொன்று வங்காள நவாப் அலிவர்திகான் காலத்தது. நெசவாளி ஒருவர் ஆப்-இ-ரவானைப் புல்வெளியில் விரித்துவிட்டுப் போக, அவருடைய மாடு புல்லோடு சேர்த்து அதையும் மேய்ந்துவிட்டது. தண்டனை மாட்டுக்கு இல்லை. கவனிக்கத் தவறிய நெசவாளிக்கு.

ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. உடம்பு தெரிய மெல்லிய கவுன் அணிந்த பாரிஸ் சீமாட்டிகளை, ‘1800ஆம் ஆண்டின் குளிர்கால உடை’யில் நிற்பவர்களாக 1799இல் கேலிச்சித்திரம் வரைந்தார் ஐசக் க்ரூக்ஷாங்க்.

இந்தச் சிரிப்புக்குள் வராதது நூற்பவர்களின் பாடு. ஃபுட்டி கார்பாஸ் என்ற பருத்தியின் இழை குட்டையானது. காற்று காய்ந்தால் அறுந்துவிடும். ஆகவே ஈரம் நிற்கும் காலையிலும் மாலையிலும் ஆற்றோரம் உட்கார்ந்து பெண்கள் நூற்றார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கச் சீப்பாக உதவியது வாளை மீனின் தாடையெலும்பு. அதன் பற்கள் அவ்வளவு நெருக்கம்.

ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் நம்பர். சில ஆண்டுகளுக்கு முன், மறைந்துபோன மஸ்லினை மீட்க முயன்றவர்கள் 300ஆம் நம்பர் நூலில் நெய்து காட்டினார்கள். கணக்குப் போட்டால், அரைக் கிலோகூட இல்லாத நூல் சுமார் 230 கிலோமீட்டர் நீளும்.

கம்பெனி ஆட்கள் முன்பணம் கொடுத்து அடிமாட்டு விலைக்குத் துணியை எடுத்தார்கள். பிறகு இங்கிலாந்து ஆலை நூல் வந்து இறங்கியது. நூற்ற கைகள் ஓய்ந்தன. விதைக்க ஆளில்லாமல் அந்தப் பருத்தியும் போயிற்று. மீட்கும் முயற்சிகளுக்கு நடுவே டாக்கா மஸ்லினுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல்.

ரூப்கஞ்ச் தறியில் வலப்பக்கம் உட்காருபவர் ஓஸ்தாத், அதாவது குரு, இடப்பக்கம் சாகரேத், அதாவது சீடன். வரைபடம் எதுவும் இல்லை. பூவெல்லாம் ஓஸ்தாத் தலைக்குள். பாவில் எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுப்பது என்று அவர் முணுமுணுக்க, பையன் சின்னக் குச்சியால் பூநூலைக் கோத்துக்கொண்டே போகிறான். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி அச்சால் அடிக்கிறார்கள். இப்படியே ஒரு சேலைக்கு வாரங்கள் போகும். வேலைப்பாடு கூடினால் மாதங்கள்.

கிளம்பும்போது துணியை மட்டும் ஒரு படம் எடுக்க நினைத்தேன். ஓஸ்தாத் பூ விழாத பகுதிக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தூக்கிப் பிடித்தார். செல்போனில் பார்த்தால் கைரேகை துல்லியமாக விழுந்திருந்தது, துணியைக் காணோம். இன்னும் கிட்டே போனேன். இந்த முறை விரலில் இருந்த காய்ப்பு பளிச்சென்று தெரிந்தது. பையன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தறிக்குழிக்குள் குனிந்துகொண்டான்.