மலையேறும் கிழட்டு என்ஜின்கள்

டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 26 கி.மீ. தூரத்தில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது மானேபஞ்சன். ஒரு கடைத்தெரு, சில தங்கும் விடுதிகள், சாலையோரம் வரிசையாக லேண்ட்ரோவர்கள். வெளியூர்க்காரர்கள் யாரும் இந்த ஊரைப் பார்ப்பதற்காக வருவதில்லை. இங்கிருந்து 31 கி.மீ. மேலே, 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்ஃபூதான் அவர்கள் இலக்கு. மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம் அது. வானம் தெளிந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கு சிகரங்களும் அங்கிருந்து தெரியும்.

நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்வது அந்த லேண்ட்ரோவர்களின் வேலை. பல வண்டிகள் 1950களில் பிரிட்டனில் தயாரானவை. தேயிலைத் தோட்டத்து துரைமார்கள் விட்டுப்போனவை என்பது ஊர்ப் பேச்சு. 1948ல் பிறந்த லேண்ட்ரோவர், தன் 70ஆவது ஆண்டான 2018ல் இந்த ஊரைப் பற்றி ஒரு படமே எடுத்தது. ஆனால் படத்தில் பளபளக்கும் வண்டிகளின் மூடியைத் தூக்கினால், பலவற்றில் பிரிட்டிஷ் என்ஜின் இல்லை. இருப்பது மஹிந்திரா டீசல் என்ஜின். ரசிகர்களுக்கு இது வருத்தம். அந்த வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு, உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிழட்டு என்ஜினுக்கு வரும் வியாதிகளில் முக்கியமானது கம்ப்ரஷன் குறைவது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை இறுக்கி அழுத்த வேண்டும். பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கட் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கசிந்தாலும் அழுத்தம் போய்விடும். டீசல் என்ஜினில் அந்த அழுத்தத்தின் சூட்டில்தான் எரிபொருளே பற்றுகிறது. அழுத்தம் குறைந்தால் குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகைதான் வரும், வண்டி கிளம்பாது.

சமவெளியில் இப்படிப்பட்ட என்ஜினோடு மாதக்கணக்கில் ஒப்பேற்றலாம். சந்தக்ஃபூ பாதையில் முடியாது. கல் பாவிய செங்குத்தான ஏற்றத்தில் பாதி வழியில் என்ஜின் அணைந்தால், பின்னால் இருப்பது பள்ளம். கம்ப்ரஷன் இல்லாத என்ஜினை கியரில் போட்டு நிறுத்தினாலும் நம்ப முடியாது. வண்டி மெல்ல நழுவும். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பது மலைப்பாதையில் வெறும் சம்பிரதாயம் அல்ல.

போதாக்குறைக்கு மலையும் தன் பங்குக்குப் பிடுங்கிக்கொள்கிறது. சந்தக்ஃபூ உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 64 சதவீதம்தான். கல்கத்தாவில் கேஜ் வைத்துப் பார்த்தால் 120 பவுண்டு காட்டும் பெட்ரோல் என்ஜின், எந்தக் கோளாறும் இல்லாமலே அங்கே 77 பவுண்டு அளவில்தான் காட்டும். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலேயே அது 94 ஆகிவிடும். புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால், மலையில் உள்ள நல்ல என்ஜின்களையெல்லாம் பிரித்துப்போட வேண்டியிருக்கும்.

அதனால் மலையில் முதல் பாடம், சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கேதான் ஓட்டை. பழைய பெட்ரோல் லேண்ட்ரோவரில் இதற்கு கேஜ்கூட வேண்டாம். முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் கையை எதிர்த்துத் தள்ளும். எது தள்ளவில்லையோ அதுதான் நோயாளி.

அடுத்த சோதனைக்கு ஆகும் செலவு ஒரு ஸ்பூன் எண்ணெய். பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு மீது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

விடை தெரிந்தபின் சிக்கனம் எளிது. முதலில் டேப்பட் இடைவெளியைச் சரிபார்ப்பது. இதற்குப் பணமே வேண்டாம். வால்வு கசிந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையாலேயே சீட்டில் தேய்த்து உட்கார வைக்கலாம். ஆரம்பகால லேண்ட்ரோவர் பெட்ரோல் என்ஜினில் புகை வெளியேற்றும் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில் பக்கவாட்டில் இருக்கின்றன. ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர் ஏமாந்துபோவார். கேஸ்கட் மாற்றுவது அடுத்த படி.

ரிங் வரைக்கும் போனால்தான் சிக்கனத்துக்குச் சோதனை. புது ரிங் மலிவு, ரீபோர் செலவு. ஆகவே ரிங்கை மட்டும் மாற்றும் ஆசை வரும். சிலிண்டரின் மேல் விளிம்பை நகத்தால் தடவினால் உண்மை தெரிந்துவிடும். நகம் தட்டும் அளவுக்குத் திட்டு இருந்தால் சுவர் தேய்ந்து அகன்றுவிட்டது என்று அர்த்தம். அதில் புது ரிங் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், அல்லது திட்டில் இடித்து உடையும். அப்போது பிளாக்கை மலையிலிருந்து இறக்கி, லேத் பட்டறையில் 20 தவ், 40 தவ் என்று போர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சிங்காலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும். சவாரி இல்லாத அந்த மழை மாதங்கள்தான் இத்தகைய வேலைக்குத் தோதான காலம்.

இப்போது பாதையின் சில பகுதிகளில் கான்கிரீட் வந்துவிட்டது, பொலேரோக்களும் ஏறுகின்றன. லேண்ட்ரோவருக்கு இருக்கும் மவுசு அதன் வயதால் வருவது. ஆனால் அதில் ஏறும் பயணியின் உயிர், வயதைப் பொறுத்தது அல்ல. டேப்பட், வால்வு, கேஸ்கட் வரை காசைப் பிடித்துச் செலவழிப்பது கெட்டிக்காரத்தனம். தேய்ந்த சுவருக்குள் புது ரிங்கைத் திணித்து ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.