மானியம் வரும் தேதி

காங்கேயம் பக்கத்தில், தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் போகிற காகிதம் அது. வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே, “சப்சிடி எத்தனைங்க வரும்?” என்பார்கள். முதல் விற்பனைப் பணம் எந்த மாசம் கைக்கு வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. சதவீதம் எல்லோருக்கும் மனப்பாடம். மாதங்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரச்செக்கை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் அதிகம் கேட்கிற தொழில் அதுதான். கிராமத்தில் ஒரு பெண் 10 லட்ச ரூபாயில் செக்கு போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2008-இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவு. சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 50,000. வங்கி 9.5 லட்சம் தரும். கிராமப்புறம் என்பதால் மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். இதுவரைக்கும் வாட்ஸப்பில் எல்லோருக்கும் வந்த செய்திதான்.

அந்த 3.5 லட்சம் அவர் கைக்கு வராது. கடனின் முதல் தவணையை வங்கி கொடுத்து, தொழில்முனைவோர் பயிற்சியும் முடிந்த பிறகு வங்கிக்கு வரும். அங்கேயே அவர் பெயரில் மூன்று வருட டெபாசிட்டாக உட்காரும். டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது, கடனில் அதே அளவு தொகைக்கும் வங்கி வட்டி போடாது. மூன்று வருடம் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். என்னிடம் கேட்டால் நல்ல ஏற்பாடு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பாதி பேர் வீட்டுக்கு டைல்ஸ் போட்டிருப்பார்கள். ஆனால் இதை நம்பி ஒருவர் கடலை வாங்க முடியாது.

மற்ற உதவிகள் பலவும் இதே வழிதான். சிறிய உற்பத்தி அலகுகளுக்குத் தமிழக அரசு முதல் மூன்று வருடம் மின்கட்டணத்தில் 20 சதவீதம் திருப்பித் தருகிறது. பில்லை முதலில் நீங்கள் கட்டியிருக்க வேண்டும். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை. தவணையை ஒழுங்காகக் கட்டினால்தான் அந்தச் சலுகைக்குப் பொருள். ஆகவே என் தாளில் மானியம் வரவுப் பக்கத்தில் முதல் வருடம் வராது. வந்தால் வரட்டும் என்று கீழே ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன்.

இனி கடலைக்கு வருவோம். இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய். நாளுக்கு 24 லிட்டர் என்றால் 60 கிலோ பருப்பு. மாதம் 25 நாள் ஓடினால் ஒன்றரை டன். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1.8 லட்சம். எண்ணெய் 600 லிட்டரை 320-க்கு விற்றால் 1.92 லட்சம். புண்ணாக்கு ஏறக்குறைய 900 கிலோ, நாற்பது ரூபாய் வீதம் 36,000. பருப்புப் பணம் போக மிச்சம் 48,000. கரண்ட், ஆள் கூலி, வாடகை, பாட்டில் எல்லாம் 30,000 சாப்பிடும். கடன் தவணையும், சரக்கு வாங்க வங்கி தருகிற சி.சி. என்ற கேஷ் கிரெடிட் கடனின் வட்டியும் 15,000-ஐ ஒட்டி வரும். மீதி மூவாயிரம். காலை ஆறு மணியிலிருந்து செக்குப் பக்கம் நிற்கிற அம்மாவின் சம்பளம் அது!

இந்தக் கணக்கைக் காட்டினால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் நான் எழுதுகிறேன். அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். எண்ணெய் விற்ற காசு பருப்பு மண்டிக்கே திரும்பிப் போய்விடும். தவணையைக் கட்டுவது புண்ணாக்கு. மாட்டுக்காரர்கள் நாலு பேரைப் பிடித்துவைத்த பிறகு செக்கு வாங்குங்கள் என்றால் சிரிப்பார்கள்.

வங்கிக்குப் போகிற ரிப்போர்ட்டில் முதல் வருடம் 60 சதவீத உற்பத்தித் திறன், அடுத்து 70, அடுத்து 80 என்று எழுதுவது வழக்கம். நானும் எழுதுகிறேன். பொய் என்று சொல்ல மாட்டேன், அது சராசரி. முதல் மூன்று மாதம் இருபதில் கிடந்து, தீபாவளிக்கு எழும்பி, பிறகு அறுபதைத் தொடுகிற செக்கைத்தான் அந்த அறுபது மறைக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு கட்டம் போட்ட தனித் தாள் ஒன்று கொடுப்பேன். வங்கிக்கு அது தேவையில்லை. எந்த மாதம் பெட்டியில் காசு இருக்காது என்று அதில் தெரியும். தவணை தொடங்குமுன் மொரட்டோரியம் என்ற அவகாசம் ஆறு மாதம் கேட்பதா கூடுதலாகக் கேட்பதா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

வொர்க்கிங் கேப்பிட்டல்தான் இந்த வேலையில் நுட்பமான இடம். ரிசர்வ் வங்கியின் நாயக் கமிட்டி காலத்திலிருந்து வங்கிகளுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. ஆண்டு விற்பனையில் கால் பங்கு சுழற்சிக்குத் தேவை, அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் சொந்தம். மேலே சொன்ன செக்குக்கு ஆண்டு விற்பனை 27 லட்சம் என்றால், தேவை 6.75 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மானியத் திட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. மானியம் டெபாசிட்டில் இருக்கிற அந்த மூன்று வருடத்துக்குள் சி.சி. கணக்கு ஒரு முறையாவது முழு லிமிட்டைத் தொட வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அதற்கேற்ற மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதிகம் கேட்டு வாங்கி, பயந்துகொண்டு தொடாமல் வைத்திருக்கிற சிக்கனக்காரர்களுக்குத்தான் இதில் அடி விழும். ஒரு மாதப் பருப்பு, கடைகளில் நிற்கிற ஒரு மாதக் கடன், இரண்டையும் கூட்டி 4 லட்சம் என்று நிறுத்துகிறேன். மெஷினும் ஷெட் வேலையும் பாக்கி 6 லட்சத்தில் அடங்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, கூலிக்கு ஆட்டுவது. தோட்டக்காரர்கள் தங்கள் கொப்பரையையும் கடலையையும் கொண்டுவந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எண்ணெயோடு போவார்கள். சரக்குக்கு முதல் வேண்டாம், கடன் நிற்காது, அன்றைய காசு அன்றைக்கே. முதல் ஆறு மாதம் பாதி நேரம் கூலிக்கு ஓட்டிய செக்குகள் தாக்குப்பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம். சங்கடம் என்னவென்றால், கூலி வருமானம் விற்பனையாகப் பெரிதாகத் தெரியாது. விற்பனை சிறிதாகத் தெரிந்தால் வங்கியின் சுருக்கு வழியில் லிமிட்டும் சுருங்கும். தொழிலுக்கு எது நல்லதோ அது காகிதத்தில் மெலிந்து நிற்கிறது. இரண்டு வருமானத்தையும் தனித்தனி வரியாகக் காட்டி, மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசிவிடுங்கள் என்று அனுப்புகிறேன். செக்கு பார்த்த மேனேஜருக்குச் சட்டென்று புரியும்.

சின்னச் சின்னவை சில. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையை மூன்று வருடத்துக்குச் சேர்க்கலாம். கொட்டேஷனின் அடியில் ஜி.எஸ்.டி. வரி ஒன்று இருக்கும். விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே, பதிவும் எடுக்கவில்லை என்றால் அந்த வரி திரும்ப வராது, அது மெஷின் விலைதான். மோட்டார்கள் எல்லாம் சேர்த்து 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குறுந்தொழில் மின்கட்டணம் கிடைக்கலாம், ஆகவே மெஷின் வாங்கும் முன் மோட்டாரின் எச்.பி.யைக் கூட்டிப் பாருங்கள். சாங்ஷன் வருமுன் ஆசைப்பட்டு மெஷினை இறக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே ஓடுகிற தொழிலுக்கு இந்த மானியம் இல்லை. “மானியம் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட்” என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் நீங்களே போடலாம், கட்டணமும் கிடையாது.

முன்செலவு என்ற தலைப்பை எல்லோரும் ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். நான் பிரித்து எழுதுவேன்: மின் இணைப்பு டெபாசிட், பேனல் போர்டு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசுக்கு முத்திரை, லேபிள். கடைசியில் பெயர்ப்பலகை. இந்தத் திட்டத்தில் கடன் வாங்கி நடக்கிற தொழில் என்று வாசலில் பலகை வைக்க வேண்டும், சோதனைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். “கடன் வாங்கினது ஊருக்கெல்லாம் தெரியோணுமாங்க?” என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கடைப் பெயரைப் பெரிதாகவும் அதைக் கீழே சிறிதாகவும் எழுதச் சொல்லி, பெயிண்டர் கூலியையும் சேர்த்தே அந்த வரியில் போட்டுவிடுகிறேன்.