தூதுவரைக் காத்தல்

தூது என்னும் சிற்றிலக்கிய வகையை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அன்னமும் கிளியும் மேகமும் தென்றலும் எப்படிச் செய்தி கொண்டுபோகும்? கவிமரபு என்று நாம் விடை சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த மரபுக்குள் ஒரு கருணை இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்னம் முதல் வண்டு வரை தூதுக்குரியவையாகச் சொல்லப்படும் பத்தின் மேலும் எவரும் சுமை ஏற்றுவதில்லை. போகும்போது சொல் மட்டும். திரும்பும்போது தலைவனின் மாலை ஒன்று. அவ்வளவே.

தூதுவரைக் கொல்லலாகாது என்பது பழைய உலகம் பெரிதும் மதித்த அறம். இராமாயணத்தில் அனுமனைக் கொல்லும்படி இராவணன் ஆணையிட்டபோது குறுக்கிட்ட வீடணன் எடுத்துரைத்ததும் அதுதான். உயிர் தப்பியது, வாலில் தீ வைக்கப்பட்டது. தூதுவன் உடலில் ஏற்றிய தீ இலங்கை நகரையே எரித்தது. அண்மைக்காலமாக அஞ்சல் நிலையங்களில் ஒட்டப்பட்டிருக்கும் தடைப்பொருள் பட்டியலில் லித்தியம் மின்கலத்தின் பெயரைக் காணும்போதெல்லாம் இந்தக் காட்சி நம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

1874 அக்டோபர் 9 அன்று பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது இன்றைய உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. கடிதப் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே நிலப்பரப்பு என்பது அவ்வொப்பந்தத்தின் அடிப்படை. ஒரு நாட்டின் அஞ்சல்தலை ஒட்டிய உறை, வழியிலுள்ள நாடுகளிலெல்லாம் தடையின்றிக் கடந்து, முன்பின் அறியாத ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதகுலத்துக்கு வழங்கிய கொடைகளுள் இதற்கு இணையானவை சிலவே. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. வழியில் கைமாற்றுவோர் எவரும் உறையைப் பிரிப்பதில்லை. உள்ளே இருப்பது என்ன என்பதற்கு வெளியே எழுதப்பட்ட சொல்லே சான்று.

தாளும் துணியும் புத்தகமும் போய்வந்த காலத்தில் இந்நம்பிக்கைக்குப் பெரிய சோதனை நேரவில்லை. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழியமைத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அவர்களுக்குக் கடன்பட்டது. ஆனால் சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலை அடைத்துவைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. மின்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து நிற்பது தலைமுடியினும் மெல்லிய ஒரு படலம். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைசல். நசுங்கியோ, உற்பத்திக் குறையாலோ அந்தப் படலம் கிழிந்தால் உள்ளேயே மின்குறுக்கு ஏற்பட்டு வெப்பம் பெருகும். பெருகிய வெப்பமே மேலும் வெப்பம் தரும் வினைகளைத் தூண்டும். ஒரு கலம் கொதித்தால் பக்கத்துக் கலமும் கொதிக்கும். விமானச் சரக்கறைகளில் தீயணைக்கப் பயன்படும் ஹாலான் வாயு சுடரை அடக்கும். கலத்தின் உள்ளே ஓடும் வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றல் அதற்கில்லை.

2010 செப்டம்பர் 3 அன்று யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்டது. ஹாங்காங்கில் ஏற்றப்பட்ட மின்கலங்கள் அதன் சரக்கில் மிகுதியாக இருந்தன. புறப்பட்டு ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடங்களில் தீ எச்சரிக்கை ஒலித்தது. விமானி துபாய்க்கே திரும்பினார். சற்று நேரத்தில் விமானியறையைப் புகை நிறைத்தது. உயிர்வளி கிடைக்காத தலைமை விமானி இருக்கையை விட்டு எழுந்தார், அவர் மீளவில்லை. துணை விமானி தனியே ஓட்டினார். எதிரிலிருந்த கருவிகளையோ வானொலியின் அலைவரிசை எண்ணையோ அவரால் பார்க்க இயலவில்லை. அருகே பறந்துகொண்டிருந்த வேறு விமானங்களின் விமானிகள் அவருடைய உயரத்தையும் திசையையும் தரையிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார்கள். ஒருவர் குரலை மற்றவர் ஏந்திச் சென்ற அந்த நிமிடங்களைத் தூது என்பதன்றி வேறு எப்படி அழைப்பது? விமானம் துபாய்க்கு அருகே குடியிருப்பில்லாத இடத்தில் விழுந்தது. இருவரும் மாண்டனர்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் விசாரணை அறிக்கை 2013இல் வெளிவந்தது. மின்கலங்கள் இருந்த சரக்கிலேயே தீ தொடங்கியிருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. நம்மை நிறுத்திவைக்கும் செய்தி வேறொன்று. ஆபத்தான சரக்கு என்ற அறிவிப்பு அந்த விமானத்தில் எதன்மீதும் இல்லை. ஆனால் குறைந்தது மூன்று சரக்குகளேனும் அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியவை. தாம் எதைச் சுமக்கிறோம் என்பது சுமந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 28இல் ஆசியானா நிறுவனத்தின் சரக்கு விமானம் தீப்பற்றித் தென்கொரியாவின் ஜெஜு தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்து இரு விமானிகள் இறந்தனர். அதன் சரக்கில் லித்தியம் மின்கலங்களும் தீப்பற்றும் திரவங்களும் இருந்தன. தீயின் மூலத்தை அறுதியிட இயலவில்லை.

அஞ்சல் விதிகள் இறுகியது இந்தச் சாம்பலுக்குப் பிறகுதான். அமெரிக்க அஞ்சல் துறை 2012 மே 16 முதல் வெளிநாட்டு அஞ்சலில் லித்தியம் மின்கலங்களை முற்றாகத் தடுத்தது. கடல் கடந்து பணிபுரியும் படைவீரர்களின் குடும்பங்கள்கூட ஒரு கேமராவை அனுப்ப முடியாமற் போயிற்று. ஆறு மாதம் கழித்து, நவம்பர் 15இல், கருவிக்குள் பொருத்தப்பட்டவைக்கு மட்டும் வழி திறந்தது. பன்னாட்டு அஞ்சல் விதியின் சாரமும் அதுவே. உதிரி மின்கலம் கூடாது. கருவிக்குள் பொருத்தப்பட்டிருந்தால், ஒரு பொதியில் நான்கு செல்களுக்கோ இரண்டு பேட்டரிகளுக்கோ மேற்படாமல் அனுப்பலாம். அயனி வகையாயின் செல் ஒன்றுக்கு 20 வாட்-மணி, பேட்டரி ஒன்றுக்கு 100 வாட்-மணி என்பது வரம்பு. அதற்கும் அந்தந்த நாட்டு அஞ்சல் துறை தன் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் தனி இசைவு பெற்றிருக்க வேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல், உதிரி லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதும் நின்றது. பவர் பேங்க் என்று நாம் அழைப்பது விதியின் கண்ணில் கருவியன்று, உதிரி மின்கலமே.

சென்ற ஆண்டு அஞ்சல் நிலைய வரிசையில் நமக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார். கனடாவிலிருக்கும் மகனுக்கு ஒரு பார்சல். "உள்ளே என்ன சார்?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். "நாலு புத்தகம், ரெண்டு வேட்டி. லீவுக்கு வந்தப்ப பையன் விட்டுட்டுப் போன பவர் பேங்க்." அது போகாது என்றார் அவர். பின்னால் நின்ற ஒருவர் உதவும் தொனியில், "வேட்டின்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க பெரியவரே, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். முதியவர் தயங்கினார். "எழுதாம விட்டா உங்களுக்குத் தெரியாதுதானேம்மா?" அந்தப் பெண் சினக்கவில்லை. "எனக்குத் தெரியாது சார். பிளேன்ல போறவங்களுக்கும் தெரியாது." முதியவர் நாற்காலியொன்றில் அமர்ந்து பார்சலின் தையலைப் பிரிக்கலானார்.

விதிகளின் பக்கங்கள் பலவற்றால் விளங்காதது அந்த ஒரு மறுமொழியில் விளங்கிற்று. இவ்விதிகளால் எளியவர்கள் அல்லற்படுகிறார்கள் என்பது மெய். ஊடுகதிர்ச் சோதனையும் முத்திரைகளும் ஓரளவே காக்கும். உலகெங்கும் நாள்தோறும் நகரும் பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க இயலாது. பிரித்துப் பார்க்கும் உலகம் நமக்கு வேண்டியதுமன்று. எனவே காவல் முழுதும் சுங்கப் படிவத்தில் நாம் எழுதும் இரண்டு சொற்களில் வந்து நிற்கிறது. தமிழில் பொருள் என்ற சொல் அர்த்தத்தையும் குறிக்கும், பண்டத்தையும் குறிக்கும். உறைமேல் எழுதும் சொல்லுக்கு உள்ளிருக்கும் பொருளே பொருளாக வேண்டும். அது பிறழ்ந்தால் பிழை இலக்கணத்தோடு நிற்பதில்லை.

தூதுவரைக் காப்பது அரசர்களின் கடமையாக இருந்த காலம் ஒன்றுண்டு. இன்று தூதனுப்புவோர் நாம் அனைவரும். தூதுவர் நமக்கு முகம் தெரியாதவர்; இரவில், கடலுக்கு மேலே, நாம் கொடுத்ததைத் திறந்து பாராமல் கொண்டுசெல்கிறார். அவருக்கு நாம் தரக்கூடிய பாதுகாப்பு, உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுவது. அதை எழுத மனம் ஒப்பாதபோது, அந்தப் பொருளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது.